பதினொரு மாதப் படர்தாமரை: ஒரு களிம்பும் காரைக்குடித் தோல் மருத்துவமனை ஒன்றும்

புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். நெல் அவிக்கும் இடத்துக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு தகரத் தட்டி மட்டுமே நிற்பதால், வியர்வையும் சுணையும் எனக்குப் புதியவை அல்ல. ஆகவே சென்ற ஆண்டு பங்குனியில், இடுப்பில் அரைஞாண் கயிறு படும் இடத்தில் எட்டணாக் காசு அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம் தோன்றி அரிக்கத் தொடங்கியபோது, நெல்லுச் சுணைதான் என்று எண்ணித் தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். ஆடி பிறப்பதற்குள் அந்த வட்டம் உள்ளங்கை அளவுக்கு விரிந்தது. தொடை இடுக்கிலும் புட்டத்திலும் புதிய வட்டங்கள் கிளம்பின. இரவு பதினொரு மணிக்கு மேல் தூக்கம் என்பதே இல்லாமல் போயிற்று. லாரிக்காரர்களும் நெல் வியாபாரிகளும் எதிரே நிற்கும்போது நாற்காலியில் நெளிந்துகொண்டே கணக்குச் சொல்வது எவ்வளவு கூச்சம் தரும் என்பதைப் பட்டவர்கள்தாம் அறிவார்கள்.

இந்த மதிப்புரையில் இரண்டைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று, ஊரெங்கும் மருந்துக்கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும், மூன்று மருந்துகள் கலந்த களிம்பு. மற்றொன்று, கடைசியில் நான் போய்ச் சேர்ந்த காரைக்குடித் தோல் மருத்துவமனை. இரண்டின் பெயரையும் எழுதவில்லை. களிம்பு ஒரே கம்பெனி செய்வது அன்று. பத்துப் பெயர்களில் அதே சரக்குதான் வருகிறது. மருத்துவமனையைப் பொறுத்தவரை, குறைகளையும் சேர்த்தே எழுதப் போவதால் பெயர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். காரைக்குடியில் தோல் மருத்துவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள், விசாரித்தால் கிடைத்துவிடும்.

முதலில் களிம்பு. ஆலைக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் என் நிலையைக் குரல் தாழ்த்திச் சொன்னபோது, கடைப் பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மேல் தட்டுக்கு நீட்டி ஒரு ட்யூபை எடுத்து வைத்தான். "அண்ணே, இதைப் போடுங்க, ரெண்டே நாள்ல போயிரும்" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் இதில் உள்ள கேடு. இரண்டாம் நாள் அரிப்பு நின்றது. ஐந்தாம் நாள் சிவப்பு மங்கியது. ஏழாம் நாள் ட்யூபை அலமாரியில் தூக்கிப் போட்டேன். பத்தாம் நாள் அதே இடத்தில், பழைய வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டம் எழும்பியது. அக்குளிலும் ஒன்று வந்திருந்தது. மறுபடி ட்யூப், மறுபடி நிம்மதி, மறுபடி வட்டம். பதினைந்து கிராம் ட்யூப் ஒன்று 90 ரூபாய். பதினொரு மாதத்தில் இருபது வாங்கியிருக்கிறேன். கணக்கு எழுதுகிறவன் என்பதால் எண்ணிக்கை பிசகாது.

அந்த ட்யூபின் பின்பக்கத்தைப் படிக்க எனக்குக் கண்ணாடி போதவில்லை. மகன் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினான். க்ளோபெட்டாசால் ப்ரோபியோனேட் 0.05 சதவீதம், நியோமைசின் 0.5 சதவீதம், மைக்கோனசோல் 2 சதவீதம் என்று எழுதியிருந்தது. படர்தாமரை பூஞ்சையால் வருவது. மூன்றில் பூஞ்சைக்கான மருந்து மைக்கோனசோல் ஒன்றுதான். நியோமைசின் பாக்டீரியாவுக்கானது; படர்தாமரைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, போதாக்குறைக்குச் சிலருக்கு அதுவே ஒவ்வாமையைக் கிளப்பும். முதலில் நிற்கும் க்ளோபெட்டாசால் ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே மிகக் கடுமையான பிரிவில் வைக்கப்பட்டிருப்பது. அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து நம் தோல் நடத்தும் சண்டையின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. காவல்காரன் கையைக் கட்டிப்போட்ட வீட்டில் திருடன் நிதானமாக அறை அறையாகப் போவது போலப் பூஞ்சை சத்தமில்லாமல் பரவுகிறது. தொடை இடுக்கில் தோல் மெல்லியது என்பதால் அங்கே மருந்து கூடுதலாக உள்ளே இறங்கி, தோலை இன்னும் மெலிதாக்கிவிடும். என் தொடையின் உட்புறத்தில் இளஞ்சிவப்பாக நான்கைந்து வரிகள் விழுந்திருக்கின்றன. பிள்ளை பெற்றவர்களின் வயிற்றில் விழும் கோடுகளைப் போன்றவைதாம் அவையும்.

இவ்வகைக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் 2018-இல் மத்திய அரசால், சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்-இல் சேர்க்கப்பட்டன. அந்த எச்சரிக்கை ட்யூபிலேயே சிவப்புக் கட்டத்துக்குள் அச்சாகியிருக்கிறது. இருபது முறை வாங்கிய என்னிடம் ஒருமுறையும் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. நானும் கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. களிம்புக்கு என் மதிப்பெண் சுழியம். அரிப்பை நிறுத்துவதில் அதற்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம்; ஆனால் நான் அதை வாங்கியது நோயைப் போக்குவதற்கு.

இடையில் வீட்டு வைத்தியங்களும் நடந்தன. எங்கள் பக்கத்தில் இதை வண்டுகடி என்போரும் உண்டு, படை என்போரும் உண்டு. பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்துவிட்டு, "இது அக்கி, வேளார் வீட்டில் போய்க் காவியால் எழுதிவிட்டு வா" என்று உறுதியாகச் சொன்னார்கள். அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், நரம்பு போகும் வழியில் கொப்புளமாக வந்து எரிச்சலும் வலியும் தருவது. எனக்கு இரு பக்கமும் வட்டமும் அரிப்பும்தான் என்று நான் சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை. ஆத்தா சீமையகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசச் சொன்னார். சீமையகத்தி படைக்கு நம் வழக்கத்தில் நெடுங்காலமாக உள்ள மருந்துதான். ஆனால் சொறிந்து புண்ணாக்கிய தோலில் எலுமிச்சைச் சாறு பட்டபோது நான் முற்றத்தில் குதித்த குதியை இன்றும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதன் பிறகு கிருமிநாசினி சோப்பால் நாளுக்கு மூன்று முறை தேய்த்துக் குளித்ததில் தோல் வறண்டு அரிப்பு இன்னும் கூடியது. ஒரு பொது மருத்துவர் டெர்பினாஃபின் என்னும் பூஞ்சைக்கான மாத்திரையைப் பதினான்கு நாள் கொடுத்துப் பார்த்தார். சிறிது அடங்கி, நிறுத்தியவுடன் திரும்பியது. மாத்திரையோடு களிம்பையும் நான் பூசிக்கொண்டே இருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

தை மாதக் கடைசியில், என் மனைவிக்கு உள்பாவாடை நாடா கட்டும் இடத்தில் ஒரு வட்டமும், பத்தாம் வகுப்பு படிக்கும் மகனுக்குக் கழுத்தில் ஒரு வட்டமும் கண்ட பிறகுதான் காரைக்குடிக்குப் புறப்பட்டேன்.

மருத்துவமனை பழைய வீடு ஒன்றின் முன்கட்டில் நடக்கிறது. திண்ணையில் இருபது பேர் அமரலாம். நாங்கள் போன அன்று ஐம்பது பேர் இருந்தோம். காலை எட்டு மணிக்கு டோக்கன் கொடுக்கிறார்கள். எங்களுக்கு 37, 38, 39. மருத்துவரைப் பார்க்கும்போது மணி பன்னிரண்டரை. தொலைபேசியில் முன்பதிவு உண்டு என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். மூன்று நாள் முயன்றும் யாரும் எடுக்கவில்லை. இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டோக்கன் தரும் பெண், அத்தனை பேர் நடுவிலும், "உங்களுக்கு எந்த இடத்துல அரிப்பு?" என்று உரக்கக் கேட்டு நோட்டில் எழுதுவதைப் பொறுக்க முடியவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். தோல் நோய்க்கென்றே நடத்தப்படும் இடத்தில் இந்த ஒரு கேள்வியைத் தாளில் எழுதி வாங்கினால் என்ன? இதை மருத்துவரிடமே சொன்னேன். தலையை ஆட்டினார், மூன்றாம் முறை போனபோதும் அதே கேள்வி அதே குரலில் கேட்கப்பட்டது.

உள்ளே நடந்தது வேறு. மருத்துவர் முதலில் கேட்டது, "இதுவரை என்னென்ன பூசினீர்கள்? ட்யூப் இருக்கிறதா?" என்பதைத்தான். சட்டைப் பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் மேசை ஓரத்தில் இருந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டார். எட்டிப் பார்த்தேன், அந்த டப்பாவில் பாதிக்கு மேல் அதே போன்ற ட்யூப்கள் கிடந்தன.

திரைக்குப் பின்னால் படுக்க வைத்து, விளக்கைப் பிடித்துப் பார்த்தார். பெண் நோயாளிகளுக்குச் செவிலியர் ஒருவர் உடன் நிற்கிறார் என்பதை என் மனைவி சொன்னார். வட்டத்தின் நடுவை அவர் தொடவே இல்லை. ஓரத்தில் பொருக்காக எழும்பியிருந்த இடத்தை மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டினார். தவிடு போல உதிர்ந்ததைக் கண்ணாடித் தகட்டில் வாங்கிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி ஓரமாக வைத்தார். தோல் செல்கள் கரைந்து தெளியச் சற்று நேரம் ஆகும் என்பதால் அதற்குள் மனைவியையும் மகனையும் பார்த்து முடித்தார். பிறகு நுண்ணோக்கியில் தாம் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். வெளிறிய பரப்பின் குறுக்கே, தறியில் அறுந்து விழுந்த பாவு நூல்களைப் போல, கணுக் கணுவாகக் கிளை விட்ட இழைகள் கிடந்தன. பதினொரு மாதம் என் தூக்கத்தைத் தின்றது இதுதான் என்று அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்த்தேன். சுணை இல்லை, வண்டு இல்லை, அக்கியும் இல்லை.

இந்தப் பூஞ்சை நம் தோலிலும் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்று வாழ்வது. நடுவில் தின்று முடித்து ஓரத்தில் முன்னேறுவதால்தான் வட்டம் வட்டமாகத் தெரிகிறது. முன்பெல்லாம் நான்கு வாரத்தில் அடங்கிய நோய் சில ஆண்டுகளாக ஏன் இப்படி அடம் பிடிக்கிறது என்று கேட்டேன். ஸ்டீராய்டு களிம்பு ஒரு காரணம், அரைகுறைச் சிகிச்சை இன்னொரு காரணம், பூஞ்சையே மாறியிருப்பது மூன்றாவது காரணம் என்றார். ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-இல் தனி இனமாகப் பெயரிட்ட வகை இப்போது இந்தியாவெங்கும் காணப்படுகிறதாம். அவற்றில் பல டெர்பினாஃபினுக்கு மசிவதில்லை. பெயருக்குள்ளேயே நம் நாடு உட்கார்ந்திருக்கிறது. பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

அடுத்து நடந்ததுதான் இந்த மருத்துவமனைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணுக்கு முதற்காரணம். மருந்துச் சீட்டில் பேனாவை வைப்பதற்கு முன், நான் வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டேட்டின் சாப்பிடுகிறேன் என்றேன். அவர் எழுதவிருந்த இட்ராகொனசோல் என்னும் பூஞ்சை மருந்தோடு அது சேர்ந்தால் தசைக்குக் கேடு வரலாம் என்று சொல்லி, எனக்கு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். அந்த மருத்துவர் கொழுப்பு மாத்திரையை ரோசுவாஸ்டேட்டினாக மாற்றிய பிறகே காப்ஸ்யூலைத் தொடங்கினேன். காரத்துக்குப் பழகிய வயிறு என்பதால் அமிலத்துக்காக நாள்தோறும் காலையில் பாண்டோப்ரசோல் போட்டுக்கொள்வேன். தோல் மருத்துவர் அதையும் நிறுத்தச் சொன்னார். இட்ராகொனசோல் காப்ஸ்யூல் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். சாப்பாட்டோடு எடுத்தால்தான் பயன், வெறும் வயிற்றில் விழுங்கினால் பாதி வீண். இதய நோய் உண்டா என்று கேட்டார். ஈரல் சோதனைக்கும் சர்க்கரைச் சோதனைக்கும் எழுதினார். காப்ஸ்யூலுக்குள் சிறு மணிகளாக மருந்து இருக்கிறது, அந்த மணிகளின் தரம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், ஆகவே கடைக்காரர் வேறு பெயரை நீட்டினால் வாங்காதீர்கள் என்றும் சொன்னார். அப்படியே நடந்தது. அங்கிருந்த மருந்துக்கடையில், "இதுவும் அதுதான்" என்று வேறொன்றைக் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடைக்கு நடந்தேன்.

எனக்கு எழுதியது இட்ராகொனசோல் 100 மில்லிகிராம், காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின், ஆறு வாரம். இரவில் ஒரு முறை லூலிகொனசோல் என்னும் பூஞ்சைக் களிம்பு. அரிப்புக்கு இரவு மட்டும் லெவோசெட்டிரிசின். களிம்பைப் பூசும் முறையையும் செய்து காட்டினார். ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்புக் கோட்டிலிருந்து நுனி வரைக்கும் ட்யூபைப் பிதுக்கினால் வரும் களிம்பு இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். வட்டத்தின் மேல் மட்டும் பூசாமல், ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை, வெளியிலிருந்து உள்ளே வருமாறு பூச வேண்டும். இதை நான் அறிந்திருந்தால் பழைய களிம்பைக்கூட இவ்வளவு வீணாக்கியிருக்க மாட்டேன். மனைவிக்கும் மகனுக்கும் பாதிப்புக் குறைவு என்பதால் களிம்பு மட்டும் போதும் என்றார். ஆனால் மூவரும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்றார்.

எழுந்திருக்கும்போது, இடுப்பைக் காட்டி, "இந்தக் கயிற்றை என்றைக்கு மாற்றினீர்கள்?" என்று கேட்டார். நினைவில்லை. கறுப்பு அரைஞாண் கயிறு. குளித்தாலும் வியர்த்தாலும் காயாமல் ஈரமாகவே இருப்பது. முதல் வட்டம் தோன்றியதும் அதன் அடியில்தான். சிகிச்சை முடியும்வரை வேண்டாம் என்றார். செவிலியர் கத்தரியைக் கொடுத்தார். கயிறில்லாமல் வீட்டுக்குப் போனால் ஆத்தா என்ன சொல்வார் என்ற கவலை ஒருபுறம் இருக்க, அதை வெட்டி எடுத்தபோது அதன் அடியில் தோல் வளையம் போலக் கறுத்திருந்ததைப் பார்த்த பிறகு வாதாட எனக்கு வாய் வரவில்லை.

துணி விஷயத்தில்தான் வீட்டில் பெரும்பாடு. எங்கள் மூவருக்கும் சேர்த்து இரண்டு ஈரிழைத் துண்டுகள் கொடியில் தொங்கும். யார் கைக்கு எது வருகிறதோ அது. ஆளுக்கு இரண்டாக ஆறு துண்டு வாங்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் ஒதுக்கினோம். உள்ளாடைகளைத் தனியாகக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, உட்புறத்தை வெளியே திருப்பிக் காயப்போட்டு, இஸ்திரி போட்டோம். முற்றத்தில் வெயில் பகல் முழுவதும் நீடிக்காது. தூணின் நிழல் மூன்று மணிக்கே வந்துவிடும். ஆகவே துணிகள் மொட்டை மாடிக்கு ஏறின. செட்டிநாட்டு வெயிலைப் பற்றி ஆண்டு முழுவதும் குறைபட்டுக்கொள்ளும் நாங்கள் அந்த ஆறு வாரம் அதை நன்றியோடு பார்த்தோம். மகனின் இறுக்கமான ஜீன்ஸ் பெட்டிக்குள் போயிற்று. நான் ஆலைக்கு மாற்று உள்ளாடை ஒன்றைப் பையில் எடுத்துப் போய், மதியம் மாற்றிக்கொள்ளத் தொடங்கினேன்.

பலன் உடனே வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பழைய களிம்பை நிறுத்திய முதல் வாரம் அரிப்பு முன்னைவிடக் கூடியது. அப்படித்தான் ஆகும், அஞ்சிப் பழைய ட்யூபைத் தொடக் கூடாது என்று மருத்துவர் முன்கூட்டியே எச்சரித்திருந்ததால் தாக்குப்பிடித்தேன். மூன்றாம் வாரத்தில்தான் விடியும்வரை தூங்கினேன். நான்காம் வாரம் ஈரல் சோதனை மறுபடி, சரியாக இருந்தது. ஆறாம் வார முடிவில் ஓரங்கள் தட்டையாகி, பொருக்கு நின்று, தோல் கருமையாக மட்டும் இருந்தது. மறுபடி சுரண்டிப் பார்த்து இழைகள் இல்லை என்று உறுதி செய்த பிறகும், களிம்பை இன்னும் இரண்டு வாரம் விடாமல் பூசச் சொன்னார். கருமை மாதக்கணக்கில் மங்கிவிடும், தொடையில் விழுந்த கோடுகள் மங்கலாம், மறையா என்றார்.

செலவு, எனக்கு மட்டும்: மூன்று முறை பார்த்ததற்கு 1,050 ரூபாய், முதல் நுண்ணோக்கிச் சோதனைக்கு 200, இரத்தப் பரிசோதனைகளுக்கு 900, காப்ஸ்யூல் 1,260, களிம்பு 1,240, ஆகமொத்தம் 4,650 ரூபாய். கடைசிச் சோதனைக்குப் பணம் வாங்கவில்லை. இருபது ட்யூபுக்குக் கொடுத்த 1,800 ரூபாயோடு ஒப்பிட்டால் கூடுதல்தான். அதைக் கொடுத்தும் வட்டங்கள் பெருகியதை நினைத்தால் குறைவு.

மருத்துவமனைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்றும் திண்ணையில் நடப்பதற்காக. மருந்துச் சீட்டில் உணவுக் குறிப்புகளை ஆங்கிலத்தில் கிறுக்கித் தருகிறார்கள் என்ற குறையும் உண்டு; மகன் வீட்டில் இருந்ததால் நான் பிழைத்தேன்.

போகிறவர்கள் ஏழரை மணிக்கே போய்விடுங்கள், ஞாயிறு விடுமுறை. தண்ணீர்ப் பாட்டிலும் காலைச் சாப்பாடும் கையில் இருக்கட்டும். இதுவரை பூசிய ட்யூப்களையும் நாள்தோறும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். முதலில் அவற்றைத்தான் கேட்பார்.